சுழியோடிகளின் கடலில் ஒரு விடுமுறை

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்துவிட்டால், திருகோணமலைக் கரையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை ஈரத் துவாய் தொங்காத மதிலைக் காண்பது அரிது. மாரி முழுவதும் பூட்டிக் கிடந்த விடுதிகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் மூன்று மொழிகளில் விலை சொல்லத் தொடங்குகிறார்கள். சுழியோடல் கற்றுக்கொடுக்கும் கடைகளின் முன்னால் கறுப்பு இறப்பர் உடுப்புகள் தலைகீழாகக் காய்கின்றன. இதே கடற்கரைக்கு மார்கழியில் வந்தவர்களுக்கு இது வேறு ஊராகத் தெரியும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கலங்கிவிடும். மகாவலி கங்கை வேறு தன் வண்டலைக் கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். நீருக்குள் நீட்டிய கை தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று காலியிலும் ஹிக்கடுவையிலும் கடலைக் குழப்பும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் கிழக்குக் கரை அடங்கியிருக்கிறது. அப்போது எங்கள் பக்கம் வீசுவது கச்சான். மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு சூடாகி, தரையிலிருந்து கடலை நோக்கி வரும் காற்று. ஊரில் இருப்பவர்களுக்கு உதடு வெடிக்கும், கிணறு வற்றும். கடலடிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது.

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். போர்க்காலத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக் கடல் என்பது முட்கம்பிக்கு அப்பால் தெரிந்த ஒன்று. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கே பாஸ் வேண்டும், நேரக் கட்டுப்பாடு உண்டு, படகு எஞ்சினின் வலுவுக்கும் எல்லை உண்டு. இந்த நிலையில் பொழுதுபோக்காகக் கடலுக்குள் இறங்குவதை யார் நினைத்தார்கள்? பிறகு 2004 டிசம்பர் 26. அந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கால் நனைப்பதற்கே அம்மாவின் அனுமதி தேவைப்பட்டது. 2009இல் போர் முடிந்த பிறகு முட்கம்பிகளை அகற்றினார்கள். பயத்தை யாரும் வந்து அகற்றவில்லை. எங்கள் கடலின் அடியைப் பொழுதுபோக்காகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மனியரும் ரஷ்யரும் கொழும்புக்காரர்களுமாகவே இருந்தார்கள்.

என்னை இழுத்துக்கொண்டு போனவள் ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள். அவள் சுழியோடக் கற்றது கனடாவின் ஒரு குளிர்ந்த ஏரியில். கல்லையும் மரக்கட்டையையும் தவிர அங்கே ஒன்றும் இல்லையாம். "வீட்டுக்குப் பின்னால் இந்தக் கடலை வைத்துக்கொண்டு கொழும்பில் போய் நீச்சல் குளத்துக்குக் காசு கட்டுகிறீர்களே மச்சாள்" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாத கேள்வி. அம்மாவிடம் படகில் சுற்றிப் பார்க்கப் போவதாக மட்டும் சொன்னோம். அதில் பொய் எதுவும் இல்லை.

அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களை 18 மீற்றர் வரை அனுமதிப்பார்கள். பயிற்சி எடுக்காமல், பயிற்சியாளரின் பிடியில் ஒருமுறை இறங்கிப் பார்க்கிறவர்களுக்கு எல்லை 12 மீற்றர். நான் பயிற்சியையே எடுத்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இறக்கக்கண்டியைச் சேர்ந்த இளைஞர். பருவம் முழுவதும் ஆங்கிலத்திலேயே பாடம் எடுப்பவர். தமிழில் எடுக்கும்போது இடையிடையே அவருக்கே சிரிப்பு வந்தது. அவர் முதலில் திருத்தியது என் தலையை. நீருக்குள் பேச்சில்லை, சைகைதான். கட்டைவிரலை உயர்த்தினால் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல, மேலே போவோம் என்று பொருள். விரல்களை வளையமாகப் பிடித்தால்தான் நலம். நானோ எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினேன். "அக்கா, எங்களுடைய தலையாட்டல் அங்கே செல்லாது. ஆமாவா இல்லையா என்று தெரியாமல் நான் உங்களை மேலே கொண்டுவந்துவிடுவேன்" என்றார்.

பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அழுத்தக் கணக்கு. தரையில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீற்றர் இறங்கினால் அது இரண்டாகிறது, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கனவளவு பாதியாகும். எனவே மிகப் பெரிய மாற்றம் நடப்பது முதல் பத்து மீற்றரில்: முழு அளவு பாதியாகிறது. இருபதிலிருந்து முப்பதுக்குப் போகும்போது மூன்றில் ஒன்று நான்கில் ஒன்றாகிறது, அவ்வளவுதான். ஆழத்தில்தான் ஆபத்து என்று கரையில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். காதும் நுரையீரலும் அதிகம் பாடுபடுவது நீர்மட்டத்துக்குக் கிட்டிய அந்தப் பத்து மீற்றரில்தான். பத்து மீற்றரில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். அதனால்தான் முதல் விதியே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. முத்துக் குளித்தவர்கள் மூச்சடக்கியே இறங்கினார்களே என்று கேட்கலாம். அவர்கள் கொண்டுபோனது மேலே இழுத்த மூச்சு. கீழே அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும், அதற்குமேல் விரியாது.

காதைப் பற்றி மட்டும் ஒரு சொல். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் காதுக்குள் ஒரு சிறு 'டிக்' கேட்கும். வெளி அழுத்தமும் உள் அழுத்தமும் சமமாகிவிட்டன. வலி வந்த பிறகு இதைச் செய்து பயனில்லை, வலி வருவதற்கு முன் அடிக்கடி செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் காசு போனாலும் பரவாயில்லை என்று கரையில் இருந்துவிடுங்கள்.

இன்னொன்றும் எங்கள் ஊரில் பரவலாகத் தவறாகச் சொல்லப்படுகிறது. முதுகில் மாட்டுவது ஒட்சிசன் சிலிண்டர் அல்ல. அதில் இருப்பது நாம் எல்லோரும் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. வடிகட்டி, வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். தூய ஒட்சிசனைச் சில மீற்றர் ஆழத்துக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பே வரலாம். சாதாரணக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். விடுமுறைக்கு வந்தவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு இறங்கியவர்களும் ஒரே மாதிரி அஞ்ச வேண்டியது அந்த நைதரசனுக்கு. அதை எனக்கு விளங்கவைத்தவர் பயிற்சியாளர் அல்ல.

படகில் சிலிண்டர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இடது காலை இழுத்து நடப்பார். எல்லோரும் மாமா என்றார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். வெள்ளைக்காரப் பயணிகளிடம் ஒரு சொல்லும் பேசமாட்டார். ஆனால் ஒவ்வொருவர் மேலே வந்ததும் அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்து, கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டரின் எண்களைப் பார்ப்பார். எவ்வளவு ஆழம் போனார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நின்றார்களா. ஒருநாள் ஒரு இளைஞன் அந்த நிறுத்தத்தைத் தவிர்த்துவிட்டு நேரே மேலே வந்துவிட்டான். மாமா தமிழிலேயே அவனை ஏசினார். அவனுக்குச் சொற்கள் விளங்கவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது.

மச்சாள்தான் கேட்டாள். மாமா தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். கடலட்டை பிடித்தவராம். அதற்கு முன் சங்கு. சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். கடலட்டையை அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலைக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைத்துச் சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்புவார்கள். பிடிப்பவர்கள் யாரும் அதைத் தின்பதில்லை. பல வகை அட்டைகள் இரவில்தான் மணலைவிட்டு வெளியே வரும், அதனால் இரவில் டோர்ச் அடித்துக்கொண்டு இறங்குவார்களாம்.

"நீங்கள் ஒரு நாளில் இரண்டு தரம் இறங்கிவிட்டுக் களைத்துப்போய் வாழைப்பழம் சாப்பிடுகிறீர்கள். நாங்கள் சிலிண்டர் முடியும்வரை கீழே இருப்போம். முடிந்தால் மேலே வந்து அடுத்ததை மாட்டிக்கொண்டு இறங்குவோம். எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் முள் எங்களுக்கு இல்லை. மூச்சு இழுக்க இறுகினால் முடிந்தது என்று அர்த்தம், மேலே வருவோம்."

"மெதுவாக வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா மாமா?"

"யார் சொல்வது? முதலாளி சிலிண்டர் தருவான், படகு தருவான். புத்தகம் தருவானா?"

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே போகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அதன் அளவு கூடும். மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். சட்டென்று வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலில் நடப்பதுதான் உடம்பிலும் நடக்கும். குமிழ் மூட்டில் நின்றால் உளைவு, முள்ளந்தண்டில் நின்றால் கால் விழும்.

"முதலில் தோளில்தான் உளைவு வந்தது பிள்ளை. பாரம் தூக்கியதால் என்று நினைத்துத் தைலம் பூசினேன். அடுத்த நாள் இறங்கியதும் வலி போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. அதுதான் பொல்லாதது."

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மறுபடி ஆழத்துக்குப் போகும்போது அழுத்தம் குமிழைச் சுருக்கிவிடுகிறது, வலி அடங்குகிறது. கடல்தான் மருந்து என்று நம்பியவன் மேலும் மேலும் இறங்குகிறான், மேலும் நைதரசனை ஏற்றிக்கொள்கிறான். மாமாவுக்கு ஒருநாள் சிறுநீர் போகவில்லை. மாலையாகும்போது இரண்டு காலிலும் உணர்வில்லை. கடற்படையின் அழுத்த அறையில் கிடத்தி, முதலில் அழுத்தத்தை ஏற்றி, பிறகு மெல்ல மெல்லக் குறைத்தார்களாம். வலது கால் திரும்பி வந்தது. இடது கால் அரைவாசி வந்தது. "கடற்படையைக் கண்டு ஒளித்துத் திரிந்த காலம் போய், அவன் வீட்டுக் குழாய்க்குள் படுத்துக் கிடந்தேன்" என்று சிரித்தார். அவரோடு இறங்கியவர்களில் நடக்கவே முடியாமற் போனவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னபோது சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியபோது எனக்கு ஆத்திரமே வந்தது. படிப்படியாக நின்று மேலே வரவேண்டும் என்பதை ஜே. எஸ். ஹோல்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்து ஆராய்ந்து, பிரித்தானியக் கடற்படைக்காக அட்டவணையாகவே எழுதி 1908இல் வெளியிட்டுவிட்டார். அதே கடற்படை 1957 வரை எங்கள் துறைமுகத்தில்தான் தளம் வைத்திருந்தது. மாமா இறங்கிய கடலுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே ஒரு குடாதான் தூரம். ஒரு நூற்றாண்டு கழித்தும் அந்த அட்டவணை ஒரு கடலட்டைக்காரன் கைக்கு வந்து சேரவில்லை. இன்று நாங்கள் விடுமுறைக்கு வந்து அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இறங்குகிறோம்.

இனிக் கடலுக்குள் போவோம்.

நிலாவெளிக்கு வெளியே கரையிலிருந்து தெரியாத பாறைத்திட்டுகள் பல உண்டு. மீனவர்கள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் பெயரும் அடையாளமும் வைத்திருக்கிறார்கள்: அந்தக் கோபுரமும் இந்தத் தென்னையும் ஒரே கோட்டில் வந்தால் இந்தக் கல். எங்களை இறக்கிய கல்லின் தலை ஏழெட்டு மீற்றரிலும் அடி பன்னிரண்டிலும் இருந்தது. இறங்கும்போது நான் கவனித்தது நிறம் களைவதை. நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. மச்சாளின் சிவப்பு நீச்சலுடை பத்து மீற்றரில் மண்ணிறமாகிவிட்டது. பயிற்சியாளர் டோர்ச் அடித்துக் காட்டிய இடத்தில் மட்டும் பாறையில் படர்ந்திருந்த கடற்பஞ்சு செக்கச்செவேலென்று எரிந்தது, டோர்ச் அணைந்ததும் சாம்பலானது.

அங்கே நாங்கள் பெரும்பாலான நேரம் ஒரே இடத்தில்தான் இருந்தோம். பாறை மடிப்பின் கீழ் ஒரு பெரிய களவாய் மீன் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றது. சுண்டுவிரல் அளவான, நீல வரி ஓடிய சின்ன மீன் ஒன்று அதன் செவுளுக்குள் புகுந்து, வாய் வழியாக வெளியே வந்து, பல்லிடுக்கைக் கொத்தி, மறுபடி உள்ளே போனது. களவாய் ஒருமுறை தாடையைச் சற்று அசைத்தது; சின்னது உடனே வெளியேறியது. களவாய் போனதும் வேறொரு மீன் அதே இடத்தில் வந்து வாயைத் திறந்தது. அதன் பின்னால் இரண்டு ஓரா காத்துநின்றன. ஒட்டுண்ணியைத் தின்று பிழைக்கும் அந்தச் சிறு மீனுக்கு அந்தப் பாறை மடிப்பே கடை. நிலாவெளி வைத்தியரின் வாசலில்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் கண்டதில்லை. சுற்றிலும் எங்கோ கறுக் கறுக்கென்று சத்தம். கிளிமீன்கள் முருகைக்கல் எனும் பவளப்பாறையைக் கடிக்கின்றன. கடித்ததை அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை மணலாக வெளியே விடுகின்றன.

அப்போதுதான் அந்த அடி கேட்டது. கேட்டது என்பதைவிட நெஞ்செலும்பில் பட்டது என்பது சரி. ஒரு தரம், சற்று இடைவெளி, இன்னொரு தரம். மீன்கள் எல்லாம் ஒரே கணத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டன. பயிற்சியாளர் இரண்டு கைகளையும் விரித்து வெடியைக் காட்டினார். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்கிறது, காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு காதுகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிடுவதால் திசையைப் பிரித்தறிய மூளைக்கு வழியில்லை. டைனமைட் வெடித்து மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். எல்லோருக்கும் தெரியும், யார் செய்கிறார்கள் என்பதும் கரையில் தெரியும். செத்து மிதப்பதை மட்டும்தான் அள்ளுவார்கள், மூழ்கிப்போவது அப்படியே அழுகும். முருகைக்கல் நொறுங்கிய இடம் மறுபடி தழைக்கப் பல்லாண்டு ஆகும். மேலே வந்ததும் மாமா எங்கள் முகத்தைப் பார்த்து, "இரண்டு வெடி, வடக்கே" என்றார். படகில் இருந்தவர்களுக்குத் திசை தெரிந்திருக்கிறது.

புறாமலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கும் தீவு. மாடப்புறாக்கள் அடைவதால் அந்தப் பெயர். பிரித்தானியர் காலத்தில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்தது, 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. கரும்முனைச் சுறாக்கள் ஆழமில்லாத நீரிலேயே சுற்றுகின்றன. ஆளைக் கண்டால் விலகிப் போகும் பிராணிகள். காலை ஏழு மணிக்குப் போனால் அழகு. பத்து மணிக்குப் போனால் மிதவைச் சட்டை போட்ட கூட்டம் முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கல் உயிருள்ளது என்று யாரோ ஒருவர் கத்திக்கொண்டிருப்பார், அவர் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள். நுழைவுச்சீட்டுக்கு வாங்கும் காசில் பத்து நிமிடம் இருத்திப் பாடம் சொன்னாலே பாதி அழிவு குறையும் என்பது என் எண்ணம்.

என் மனம் இருந்தது கோணேசர் கோயில் நிற்கும் கோணேசர் மலையில். சிறுவயதில் அந்தப் பாறையின் விளிம்பில், இராவணன் வெட்டுக்கு அருகில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்திருக்கிறேன். நூறு மீற்றருக்கும் மேலான செங்குத்து, அடியில் நுரை. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, கற்களில் ஒரு பகுதியைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடலில் தள்ளினார்கள். அந்தப் பிரட்றிக் கோட்டையின் வாசலில் பதித்த கல்லில் இரட்டைக் கயலும், கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் மன்னனின் பெயர் சொல்லும் தமிழ் எழுத்தும் இன்றும் தெரியும். 1950இல் நகரத்தில் கிணறு தோண்டியபோது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. கடலுக்குள் விழுந்ததைத் தேடிப் போனவர்கள் 1956இல் வந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். மூச்சுக் கருவியோடு இறங்கிய அவர்கள் தூணையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். வில்சன் கடலடியிலிருந்து ஒரு லிங்கத்தையும் எடுத்துவந்தார். கிளார்க் அதற்குப் பிறகு 2008இல் இறக்கும் வரை இலங்கையிலேயே வாழ்ந்தார். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் கடலுக்குள் இறங்கினார்.

அங்கே எல்லா நாளும் இறங்க முடியாது. அலை பாறையில் மோதித் திரும்பி வந்து படகைப் பாறையோடு அடிக்கும், அடியில் நீரோட்டமும் உண்டு. கச்சான் ஓய்ந்த ஒரு விடியற்காலைக்காகக் காத்திருந்தோம்.

கடலடியில் ஒரு கோயில் நிற்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பாறை அப்படியே நேரே கீழே இறங்குகிறது. அடியில் வீடளவு பெரிய உருண்டைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றின் இடுக்கில் கோயில் கற்கள். எது மலையிலிருந்து உடைந்தது, எது கோயிலிலிருந்து விழுந்தது என்று பிரிப்பது எளிதல்ல. நானூறு ஆண்டுகளாகப் பாசியும் சிப்பியும் இரண்டின் மேலும் ஒரே மாதிரிப் படர்ந்திருக்கின்றன. பயிற்சியாளர் ஒரு கல்லின் அருகே என்னை நிறுத்தி விளிம்பின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார், தொடாமல். நேர் விளிம்பு. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரக் குழி. தூணின் முளை வந்து பொருந்துவதற்காக உளியால் வெட்டியது. குழியின் நான்கு மூலையும் இன்னும் மூலையாகவே இருந்தன. உள்ளே ஒரு குட்டி அஞ்சாலை மீன் குடியிருந்தது. வாயைத் திறந்து மூடி, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கல்லின் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல், லேபிள்கூடப் போகாதது. மேலேயிருந்து இப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது.

மச்சாள் கைகூப்பினாள். கனடாவில் வளர்ந்தவள் என்று அவளை நாங்கள் வீட்டில் கேலி செய்வோம். எனக்கு அது தோன்றவேயில்லை, நான் காற்றுமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைப் பூசை நேரம் அது. மேலே மணி அடித்திருக்கும். கீழே ஒன்றும் கேட்கவில்லை. காற்றில் எழும் ஒலியில் மிகப் பெரும்பகுதி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். பல கிலோமீற்றர் தூரத்து வெடி கேட்கும் இடத்தில், தலைக்கு மேல் அடிக்கும் கோயில் மணி கேட்காது.

அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. இதைத் தனியே எழுதுவதற்குக் காரணம், கரைக்கு வந்ததும் இன்னொரு படகுக்காரர் எங்களிடம், சின்னக் கல் ஏதும் வேண்டுமா என்று மெல்லக் கேட்டார். மாமா அவரைப் பார்த்த பார்வையில் அவர் உடனே கிளம்பிவிட்டார்.

கப்பல்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. 307 பேர் அதில் இறந்தார்கள். அது எங்களைப் போன்ற விடுமுறைக்காரர்களுக்கான இடமல்ல. முப்பது மீற்றருக்குக் கீழே நைதரசன் போதைபோல் மயக்கும், கலவைக் காற்றும் பல ஆண்டுப் பழக்கமும் வேண்டும். அதே நாள் துறைமுகத்துக்குள் தீப்பிடித்த சகாயிங் என்ற கப்பலைப் பிறகு இறங்குதுறையாகப் பயன்படுத்த மூழ்கடித்தார்கள். 2018இல் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவைத்து அப்புறப்படுத்திவிட்டார்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் சுழியோடாமல் இருக்க வேண்டும் என்பதைக் கடைகளில் சொல்லிவிடுவார்கள். மலையேறுவதைப் பற்றிப் பெரும்பாலும் சொல்வதில்லை. திருகோணமலையில் காலையில் இறங்கிவிட்டு, வாகனம் பிடித்துக் கண்டி வழியாக மாலையில் நுவரெலியா போய்ச் சேருவது நம் நாட்டுச் சுற்றுலாவில் மிகச் சாதாரணம். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் அதைவிட மிகவும் வேறல்ல. உடம்பில் மிச்சமிருக்கும் நைதரசனுக்கு விமானமா மலையேறும் வாகனமா என்று தெரியாது. கடைசி நாளைக் கடலுக்கு வைக்காதீர்கள். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போங்கள், கோட்டைக்குள் மானைப் பாருங்கள், நல்ல கணவாய்க் கறியும் புட்டும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

எந்தக் கடைக்குப் போவது என்று கேட்டால் நான் பெயர் சொல்லமாட்டேன். ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறுகிறார்கள். விலையைக் கேட்பதற்கு முன் படகைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சுவாசிக்கும் சிலிண்டர்களுக்குப் புறம்பாக, முதலுதவிக்கென்று உண்மையான ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று முகமூடியோடு இருக்க வேண்டும். குமிழ் நோய் வந்தவரை அழுத்த அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை கொடுக்க வேண்டியது அதைத்தான். மாமா தினமும் படகில் ஏறியதும் வேறெதையும் தொடுவதற்கு முன் அதன் வாயைத் திறந்து, காற்று சீறுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுவார். உங்கள் கண்ணெதிரே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கரையில் இருக்கிறது, பிறகு ஏற்றுவோம் என்று இழுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். நிலாவெளியில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.